10 நாள், 800 கி.மீ, 10,000 ரூபாய்... சென்னை டு குமரி சைக்கிள் பயணத்துக்கு ஒரு பக்கா பிளான்!

பல வீடுகளில் மாடிப்படிக்குக் கீழே ஒரு சைக்கிள் நிற்கும். பிளஸ் ஒன் படித்தபோது அரசு கொடுத்தது. காற்று இறங்கிய டயர், துருப்பிடித்த செயின், கேரியரில் பழைய செய்தித்தாள் கட்டு. 'இதை எடைக்குப் போட்டுடலாமா?' என்ற கேள்வி வருடத்துக்கு ஒரு முறையாவது எழும்.

அதே வீட்டில், 'ஒருநாள் சைக்கிள்லயே கன்னியாகுமரி வரைக்கும் போகணும்' என்று ராத்திரி படுத்துக்கொண்டு போனில் வீடியோ பார்க்கும் ஒரு பிள்ளையும் இருக்கும். வீடியோவில் வரும் சைக்கிளின் விலையைத் தேடிப் பார்த்தால், அது ஒரு மோட்டார் பைக்கின் விலை. அதன் மேல் ஹெல்மெட், வாட்டர் புரூஃப் பை, டென்ட், கைக்கணினி... லிஸ்ட் நீளும். ஆசைக்கும் அங்கேயே காற்று இறங்கிவிடும்.

ஆனால், நீண்ட தூர சைக்கிள் பயணங்களின் வரலாறு வேறு கதை சொல்கிறது. கையில் காசு குறைவாக இருந்ததால் நின்றுபோன பயணங்களைவிட, சரியாகத் திட்டமிடாததால் பாதியில் முறிந்த பயணங்களே அதிகம் என்று அனுபவசாலிகள் சொல்வார்கள். காசு குறைந்தால், அந்த இடத்தைத் திட்டம் நிரப்ப வேண்டும். அவ்வளவுதான்.

64 பவுண்டில் இந்தியா வந்தவர்!

அயர்லாந்தின் லிஸ்மோர் என்ற சிற்றூரைச் சேர்ந்தவர் டெர்வ்லா மர்ஃபி. 10-வது பிறந்தநாளுக்கு அவருக்குக் கிடைத்தவை இரண்டு பரிசுகள். ஒன்று, பழைய சைக்கிள். இன்னொன்று, உலக வரைபடப் புத்தகம். சில நாள்கள் கழித்து, ஒரு மேட்டில் சைக்கிளை மிதித்துக்கொண்டிருந்தபோது, 'இப்படியே மிதித்துக்கொண்டே இருந்தால் இந்தியாவுக்குப் போய்விடலாமே' என்று முடிவு செய்தார்.

14 வயதில் பள்ளிப் படிப்பை நிறுத்திவிட்டு, மூட்டுவாதத்தால் முடங்கிய அம்மாவைக் கவனித்துக்கொள்ளும் பொறுப்பு வந்து சேர்ந்தது. அம்மா இறந்த பிறகுதான், 1963 ஜனவரியில், 31 வயதில் அவரால் கிளம்ப முடிந்தது. ஐரோப்பா, துருக்கி, ஈரான், ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான் வழியாக அந்த ஜூலையில் டெல்லி வந்து சேர்ந்தார். மொத்தச் செலவு சுமார் 64 பவுண்டு.

இதைக் கேட்கும்போது, 'துணிச்சலாகக் கிளம்பிவிட்டார்' என்றுதான் தோன்றும். ஆனால், அந்தத் துணிச்சலுக்குப் பின்னால் 20 வருடத் திட்டம் இருந்தது. இந்தியாவுக்கு முன்பே பிரிட்டன், ஸ்பெயின் என்று சின்னச் சின்ன சைக்கிள் பயணங்களைச் செய்து பழகியிருந்தார். ஆசியாவின் சாலைகளில் கியர் பழுதானால் சரிசெய்ய ஆள் கிடைக்காது என்று, சைக்கிளில் இருந்த கியரையே கழற்றிவிட்டார். மாற்று டயர்களை வழியில் உள்ள ஊர்களுக்கு முன்கூட்டியே அனுப்பிவைத்தார்.

இன்னொருவர் நம் ஊர்க்காரர். ஒடிசாவில் பிறந்து, டெல்லியில் ஓவியம் படித்த பிரத்யும்ன குமார் மஹானந்தியா. டெல்லியில் தெருவோரம் அமர்ந்து 10 ரூபாய்க்கு உருவப்படம் வரைந்துகொண்டிருந்தவரிடம், படம் வரைந்துகொள்ள வந்தார் ஸ்வீடன் நாட்டுப் பெண் சார்லோட். காதல் மலர்ந்தது. சார்லோட் ஊர் திரும்பிவிட, விமான டிக்கெட்டுக்குக் காசில்லாத மஹானந்தியா, 1977 ஜனவரியில் பழைய சைக்கிள் ஒன்றை வாங்கிக்கொண்டு கிளம்பினார். வழியெல்லாம் படம் வரைந்து கொடுத்துத்தான் சாப்பாட்டைப் பார்த்துக்கொண்டார். அந்த மே மாதம் ஸ்வீடன் போய்ச் சேர்ந்தார்.

இந்த இரண்டு கதைகளிலும் பலரும் சொல்லாமல் விடும் ஒரு பகுதி உண்டு. இருவருமே முழுத் தூரத்தையும் மிதித்தே கடக்கவில்லை. பனி மூடிய இடத்தில் மர்ஃபி லாரியில் ஏறினார். மஹானந்தியாவின் பயணத்திலும் லாரியும் ரயிலும் உண்டு. முடியாத இடத்தில் வண்டி ஏறுவதை அவர்கள் தோல்வியாக நினைக்கவில்லை. குறைந்த காசில் கிளம்பும் யாருக்கும் இதுதான் முதல் பாடம்.

எந்த சைக்கிள்?

இந்தத் திட்டத்துக்குச் சென்னை முதல் கன்னியாகுமரி வரையிலான கிழக்குக் கடற்கரைச் சாலையை எடுத்துக்கொள்வோம். ஏறக்குறைய 800 கிலோமீட்டர். பெரும்பாலும் சமதளம். மலை ஏற்றம் கிடையாது. அதனால் 21 கியர் அவசியமில்லை. கியரே இல்லாத சாதாரண சைக்கிள் போதும்.

உண்மையில், இந்தச் சாலையில் சாதாரண சைக்கிளுக்கு ஒரு பெரிய பலம் இருக்கிறது. விலை உயர்ந்த சைக்கிள்களின் மெல்லிய டயரும் டியூபும் பெருநகரக் கடைகளில்தான் கிடைக்கும். அவற்றின் வால்வு வேறு மாதிரி என்பதால், சாதாரண பம்பில் காற்றுகூட அடிக்க முடியாது. உள்ளூர் சைக்கிளின் டியூப், டயர், செயின், பிரேக் ரப்பர் எல்லாம் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்துச் சைக்கிள் கடையிலேயே கிடைக்கும். வால்டியூப் போனால் சில ரூபாயில் வேலை முடிந்தது. மர்ஃபி கியரைக் கழற்றியது எந்தக் காரணத்துக்காகவோ, அதே காரணம்தான் இங்கேயும். 'வழியில் உள்ள மெக்கானிக்குக் கைப்பழக்கம் உள்ள சைக்கிள்தான், நீண்ட தூரத்துக்கு நல்ல சைக்கிள்.'

அதற்காகப் படிக்குக் கீழே இருந்து எடுத்து, துடைத்து, அப்படியே கிளம்பிவிடக் கூடாது. கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பே கடையில் விட்டு முழு 'ஓவராயில்' செய்ய வேண்டும். அச்சுகளில் புது பால்ஸ், கிரீஸ், ரிம்முக்குக் கோட்டம் எடுப்பது, தளர்ந்த கம்பிகளை முறுக்குவது, நான்கு பிரேக் ரப்பர்களையும் மாற்றுவது... இவையெல்லாம் இதில் அடங்கும். டயரின் பக்கவாட்டில் விரிசல் இருந்தால் யோசிக்கவே வேண்டாம், புதிது மாட்டிவிடலாம். செலவைக் குறைக்கவே கூடாத இடங்கள் இரண்டு. ஒன்று டயர், இன்னொன்று பிரேக்.

ஓவராயில் நடக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பது, ஒரு பைசா செலவில்லாத பயிற்சி. பஞ்சர் ஒட்டுவதையும், கழன்ற செயினை மாட்டுவதையும், பிரேக்கை இறுக்குவதையும் மெக்கானிக்கிடம் கேட்டுக் கற்றுக்கொண்டு, வீட்டில் இரண்டு முறை தனியாகச் செய்து பார்த்துவிட வேண்டும்.

சீட்டின் உயரமும் முக்கியம். பெடல் கீழே இருக்கும்போது குதிகாலை அதில் வைத்தால் கால் நேராக நீள வேண்டும். சீட் தாழ்வாக இருந்தால், இரண்டாம் நாளே முழங்கால் வலி தலைகாட்டும்.

10,000 ரூபாய்... பிரித்து வைப்பது எப்படி?

ஒருவருக்கு, 10 நாளுக்கு, வீட்டில் ஏற்கெனவே சைக்கிள் இருக்கிறது என்ற கணக்கில் ஒரு பட்ஜெட்:

* சைக்கிள் ஓவராயில், டயர், டியூப், பம்பு, பஞ்சர் சாமான்கள், விளக்கு - 2,000 ரூபாய்
* சாப்பாடு, ஒரு நாளுக்கு 300 வீதம் - 3,000 ரூபாய்
* தங்குமிடம், 9 இரவுக்குச் சராசரியாக 250 வீதம் - 2,250 ரூபாய்
* திரும்பும் ரயில் டிக்கெட்டும், சைக்கிளை ஏற்றும் கட்டணமும் - 750 ரூபாய்
* அவசரக் கையிருப்பு - 2,000 ரூபாய்

இவை விலைப்பட்டியல் அல்ல, போட்டுக்கொள்ள வேண்டிய வரம்பு. ஒரு நாள் தங்க 500 ஆனால், மறுநாள் தெரிந்தவர் வீட்டிலோ, மண்டபத்திலோ தங்கிச் சரிக்கட்ட வேண்டும். டயர் நல்ல நிலையில் இருந்து செலவு மிஞ்சினால், அது சாப்பாட்டுக் கணக்குக்குப் போக வேண்டும்.

கடைசி வரியில் இருக்கும் 2,000 ரூபாயை ஓர் உறையில் போட்டு ஒட்டி, பையின் அடியில் வைத்துவிடலாம். அது செலவுக்கான பணம் அல்ல. காய்ச்சல் வந்தாலோ, சைக்கிள் உடைந்தாலோ, 'போதும், வீட்டுக்குப் போயிடலாம்' என்று தோன்றினாலோ பஸ் ஏறுவதற்கான பணம். அது இருக்கும்வரை யாரிடமும் கையேந்த வேண்டாம், முடியாத உடம்போடு மிதிக்கவும் வேண்டாம்.

செலவைக் குறைக்க இன்னொரு எளிய வழி, இரண்டு பேராகப் போவது. அறை வாடகை பாதியாகும். ஒரு பம்பு, ஒரு செட் ஸ்பேனர் இருவருக்கும் போதும். ஒருவர் கடைக்குள் போனால், இன்னொருவர் சைக்கிளைப் பார்த்துக்கொள்வார். ஆனால், இருவரின் வேகமும் ஒத்துப்போகிறதா என்று முன்பே ஒரு நாள் சேர்ந்து ஓட்டிப் பார்த்துவிடுவது நட்புக்கு நல்லது!

இன்னொரு விஷயம். டீக்கடைவரை எல்லா இடத்திலும் ஜிபே வந்துவிட்டது. ஆனால், போனில் சார்ஜ் போனால் கையில் காசே இல்லை என்றாகிவிடும். அதனால் பணத்தில் ஒரு பகுதியை ரொக்கமாக, இரண்டு வெவ்வேறு இடங்களில் வைத்துக்கொள்ள வேண்டும்.

எப்போது கிளம்பலாம்? காற்றைக் கேளுங்கள்!

சமதளத்தில் சைக்கிள் ஓட்டுபவருக்கு உண்மையான எதிரி சுமை அல்ல, காற்று. எதிர்க்காற்றின் வேகம் கூடக்கூட, அதன் எதிர்ப்பு பல மடங்காக ஏறும். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் எதிர்ப்பு நான்கு மடங்காகும். பை எடையில் இரண்டு கிலோ குறைப்பதைவிட, காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று பார்த்துக் கிளம்புவது அதிகப் பலன் தரும்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை இந்தக் கடற்கரைக்கு வடகிழக்குப் பருவமழைக் காலம். புயலும் வரலாம். ஏப்ரல், மே மாதங்களில் வெயில். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குக் காற்று. தென் மாவட்டங்களில் அந்தக் காற்றை நம்பித்தான் ஆயிரக்கணக்கான காற்றாலைகளே நிற்கின்றன. சென்னையிலிருந்து தெற்கே போகிறவருக்கு அது முகத்தில் அறையும்.

மிச்சம் இருப்பவற்றில் ஏற்றவை ஜனவரி, பிப்ரவரி. மழை ஓய்ந்திருக்கும், வெயில் ஏறியிருக்காது, காற்றும் பெரும்பாலும் வடகிழக்கிலிருந்து வீசும். வடக்கிலிருந்து தெற்கே போகும்போது அது முதுகைத் தள்ளிவிடும். குமரியிலிருந்து சென்னைக்கு ஓட்டுவதைவிட, சென்னையிலிருந்து குமரிக்கு ஓட்டுவது அந்த மாதங்களில் சுலபம் என்பதற்கு இதுதான் காரணம். பொங்கல் விடுமுறையில் மட்டும் சாலையில் கூட்டமும், அறை வாடகையும் அதிகமாக இருக்கும். அந்த வாரத்தைத் தவிர்த்துவிடலாம்.

10 நாள் ரூட்!

* முதல் நாள்: சென்னை - மாமல்லபுரம். சுமார் 55 கி.மீ.
* 2-ம் நாள்: மாமல்லபுரம் - புதுச்சேரி. சுமார் 95 கி.மீ.
* 3-ம் நாள்: புதுச்சேரி - கடலூர் - சிதம்பரம். சுமார் 70 கி.மீ.
* 4-ம் நாள்: சிதம்பரம் - சீர்காழி - தரங்கம்பாடி - காரைக்கால் - நாகப்பட்டினம் - வேளாங்கண்ணி. சுமார் 95 கி.மீ.
* 5-ம் நாள்: வேளாங்கண்ணி - திருத்துறைப்பூண்டி - முத்துப்பேட்டை - அதிராம்பட்டினம். சுமார் 80 கி.மீ.
* 6-ம் நாள்: அதிராம்பட்டினம் - கட்டுமாவடி - மணமேல்குடி - மீமிசல் - தொண்டி. சுமார் 95 கி.மீ.
* 7-ம் நாள்: தொண்டி - தேவிப்பட்டினம் - ராமநாதபுரம் - கீழக்கரை - ஏர்வாடி. சுமார் 75 கி.மீ.
* 8-ம் நாள்: ஏர்வாடி - சாயல்குடி - வேம்பார் - தூத்துக்குடி. சுமார் 95 கி.மீ.
* 9-ம் நாள்: தூத்துக்குடி - திருச்செந்தூர். சுமார் 40 கி.மீ.
* 10-ம் நாள்: திருச்செந்தூர் - மணப்பாடு - உவரி - கூடங்குளம் - கன்னியாகுமரி. சுமார் 90 கி.மீ.

முதல் நாள் தூரம் ஏன் இவ்வளவு குறைவு? கிளம்பும் உற்சாகத்தில் முதல் நாளே 120 கிலோமீட்டர் மிதித்துவிட்டு, மூன்றாம் நாள் எழுந்திருக்க முடியாமல் படுத்துவிடுபவர்கள் உண்டு. உடம்பு சீட்டுக்குப் பழக இரண்டு, மூன்று நாள் ஆகும். 9-ம் நாளும் அதேபோல, கடைசி நாளுக்கு முன் துணி துவைத்து, செயினுக்கு எண்ணெய் விட்டு, கடலைப் பார்த்து உட்காருவதற்கான அரை நாள் ஓய்வு.

மணிக்கு 15 கிலோமீட்டர் வேகம் என்றால், 80 கிலோமீட்டருக்கு ஐந்தரை மணி நேரம்கூட ஆகாது. காலை வெளிச்சம் வந்ததும் 6.30-க்குக் கிளம்பி 11 மணிக்குள் முக்கால்வாசித் தூரத்தை முடித்துவிட வேண்டும். மூன்றரை மணிவரை நிழல். பிறகு மீதித் தூரம். ஆறு மணிக்கு மேல் சைக்கிள் சாலையில் இருக்கவே கூடாது.

எங்கே தங்குவது?

இந்த ரூட்டில் சிதம்பரம், வேளாங்கண்ணி, ஏர்வாடி, திருச்செந்தூர் என்று இரவு தங்கும் ஊர்கள் பலவும் கோயில், தேவாலயம், தர்கா உள்ள ஊர்களாக இருப்பதைக் கவனிக்கலாம். காரணம் பக்தி மட்டும் அல்ல, பட்ஜெட்டும்தான்! சுற்றுலா ஊர்களில் அறை வாடகை சுற்றுலாப் பயணியைப் பார்த்து வைக்கப்பட்டது. யாத்திரை ஊர்களில் குடும்பத்தோடு வரும் சாதாரண மக்களுக்கான விடுதிகளும் சத்திரங்களும் இருக்கும். பாதயாத்திரை வருகிறவர்களைப் பார்த்துப் பழகிய ஊர்கள் என்பதால், பையோடு வந்து நிற்கும் வெளியூர்க்காரரைச் சந்தேகமாகப் பார்க்க மாட்டார்கள். ஆனால், தனியாக வருபவருக்கு அறை தராத விடுதிகளும் உண்டு. முதல் நாளே போனில் கேட்டுவிடுவது நல்லது.

அதிராம்பட்டினம் முதல் ஏர்வாடிவரை உள்ள பகுதியில், லாட்ஜ் வரிசையாக இருக்காது. அங்கு மட்டும் முந்தைய நாளே இடத்தை உறுதி செய்துகொள்ள வேண்டும். அதிராம்பட்டினத்தில் கிடைக்காவிட்டால், சற்று உள்ளே தள்ளி இருக்கும் பட்டுக்கோட்டைக்குப் போய்விடலாம். கிளம்பும் முன் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஊர்ப் பட்டியலைப் போட்டால், 'நாகப்பட்டினத்துல நம்ம பெரியப்பா பையன் இருக்கானே' என்று ஒரு பதிலாவது வரும். பெட்ரோல் பங்க், பள்ளிக்கூட வராந்தா போன்ற இடங்கள் கடைசி வழி. அங்கும் பொறுப்பாளரிடம் கேட்டு, அடையாள அட்டையைக் காட்டி, அனுமதி வாங்கிய பிறகே பாயை விரிக்க வேண்டும்.

வயிற்றில் மிச்சம் பிடிக்காதீர்கள்!

நாள் முழுக்கப் பெடல் மிதிப்பவருக்குப் பசி இரண்டு மடங்காகும். பட்ஜெட்டைக் குறைக்கச் சாப்பாட்டைக் குறைப்பது, பெட்ரோல் போடாமல் பைக்கை ஓட்ட நினைப்பது மாதிரி. குறைக்க வேண்டியது விலையைத்தான், அளவை அல்ல.

காலையில் கிளம்பும் முன் வாழைப்பழமும் டீயும். எட்டரை மணிக்கு இட்லி, பொங்கல். மதியம் அளவில்லாச் சாப்பாடு. இடையில் கடலை மிட்டாய், பேரீச்சம்பழம், கம்மங்கூழ் கிடைத்தால் கம்மங்கூழ். பாக்கெட்டில் அடைத்த எனர்ஜி பார் தேவையே இல்லை. 2013-ல் சென்னையில் ஒரு ரூபாய் இட்லியோடு தொடங்கிய அம்மா உணவகங்கள், கிளம்பும் நாள் காலை உணவுக்குக் கைகொடுக்கும். திருச்செந்தூர் கோயிலில் நாள் முழுவதும் அன்னதானம் உண்டு.

தண்ணீர் கையில் இரண்டு லிட்டர் எப்போதும் இருக்க வேண்டும். வியர்வையில் உப்பும் போய்விடும் என்பதால் வெறும் தண்ணீர் மட்டும் குடித்தால் தலைசுற்றல் வரலாம். ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு கலந்தால், செலவில்லாத உப்பு - சர்க்கரைக் கரைசல் தயார். தலைவலி, குமட்டல், வியர்வை நின்றுபோவது... இவற்றில் எது வந்தாலும் உடனே நிழலுக்குப் போய்விட வேண்டும்.

பையில் என்ன?

கேரியரின் இரண்டு பக்கமும் தொங்கும் துணிப்பை போதும். முதுகில் பை மாட்டினால் தோள்பட்டையும் சீட் படும் இடமும் சேர்ந்து வலிக்கும். உள்ளே போகும் பொருள்களைப் பெரிய பிளாஸ்டிக் கவரில் கட்டிவிட்டால், அதுதான் வாட்டர் புரூஃப்.

* ஒரு மாற்று டியூப், பஞ்சர் ஒட்டும் சொல்யூஷன், ரப்பர் துண்டுகள், உப்புத்தாள், டயர் கழற்றும் லிவர், வால்டியூப், கைப்பம்பு
* ஸ்பேனர், ஸ்க்ரூ டிரைவர், சின்ன எண்ணெய் புட்டி, பழந்துணி
* இரண்டு செட் துணி, துண்டு, போர்வை, மெல்லிய பாய்
* ஹெல்மெட், முழுக்கைச் சட்டை, பின்பக்கம் எரியும் சிவப்பு விளக்கு, ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கர்
* பவர் பேங்க், பூட்டு, ஆதார் நகல், ரத்த வகையும் வீட்டு நம்பரும் எழுதிய அட்டை
* காயத்துக்கு மருந்து, பேண்டேஜ், வழக்கமாகச் சாப்பிடும் மாத்திரைகள்

ஜீன்ஸ் வேண்டவே வேண்டாம். அதன் தடித்த தையல் உரசியே தொடையில் புண்ணாகும். தினமும் மாலை குளித்து, உரசும் இடத்தில் தேங்காய் எண்ணெய் தடவினால் பெரும்பாலான தொந்தரவுகள் வராது.

இந்தச் சாலைக்கென்றே இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. ஒன்று, உப்புக்காற்று. செயினைத் தினமும் இரவு துடைத்து, ஒரு சொட்டு எண்ணெய் விடாவிட்டால், துரு வேகமாக ஏறும். இன்னொன்று, ராமநாதபுரம் பக்கத்துச் சீமைக்கருவேல முள். நிழல் தேடிச் சாலையை விட்டு இறங்கினால், சைக்கிளைத் தூக்கிக்கொண்டு போவதே புத்திசாலித்தனம். பஞ்சர் ஒட்டும்போது டியூபை மட்டும் பார்த்துவிட்டு மாட்டினால், டயருக்குள் குத்தி நிற்கும் அதே முள் ஐந்து நிமிடத்தில் மறுபடியும் வேலையைக் காட்டும். டயரின் உள்பக்கத்தைத் துணியால் துழாவிப் பார்த்த பிறகே மாட்ட வேண்டும்.

வீட்டில் எப்படிச் சொல்வது?

பட்ஜெட்டைவிடப் பெரிய தடை இதுதான். 'ஈ.சி.ஆர்-ல பஸ்ஸும் காரும் என்ன வேகத்துல போகுதுன்னு தெரியுமா?' என்று அம்மா கேட்பதில் நியாயம் இருக்கிறது. அந்த பயத்துக்குச் சமாதானம் பேச்சால் வராது, திட்டத்தால்தான் வரும்.

பத்து நாளும் எங்கே தங்கப்போகிறோம் என்று எழுதிய ஒரு தாள் வீட்டில் இருக்கட்டும். மதியம் ஒரு முறை, ஊர் சேர்ந்ததும் ஒரு முறை என்று இரண்டு போன். இருட்டிய பிறகு ஓட்டுவதில்லை என்ற வாக்குறுதி. காதில் இயர்போன் கிடையாது. சாலையின் இடது ஓரம், இரண்டு பேர் போனாலும் ஒருவர் பின் ஒருவர். ஹேண்டில்பாரில் பின்னால் வரும் வண்டியைப் பார்க்கும் கண்ணாடி. அவசர உதவிக்கு 112, ஆம்புலன்ஸுக்கு 108, பெண்களுக்கான உதவிக்கு 181.

பெண்கள் இப்படிக் கிளம்பலாமா என்ற கேள்விக்கு, 6-ம் நாள் கடக்கும் பகுதியே பதில் வைத்திருக்கிறது. கட்டுமாவடி, மணமேல்குடி, மீமிசல் எல்லாம் புதுக்கோட்டை மாவட்டம். 1990-களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, எழுத்தோடு சேர்த்து சைக்கிளையும் ஆயிரக்கணக்கான பெண்கள் கற்றுக்கொண்ட மாவட்டம் அது. அதற்கு முன்பு யார் துணைக்கு வருவார்கள் என்று காத்திருந்தவர்கள், தண்ணீர்க் குடத்தையும் பிள்ளைகளையும் வைத்துக்கொண்டு தாங்களே மிதித்துப் போனார்கள். அந்த மாவட்டத்துச் சாலையில் ஒரு பெண் சைக்கிளில் போவது புதிய காட்சியே அல்ல. முதல் முறை போகும் பெண்கள், துணையோடு போவதும், தங்குமிடத்தை முன்பே உறுதி செய்வதும் நல்லது. இது ஆண்களுக்கும் பொருந்தும்.

வீட்டுக்குத் தைரியம் வர இன்னொரு வழி, ஒத்திகை. கிளம்புவதற்கு ஆறு வாரம் முன்பு, ஒரு ஞாயிறு 30 கிலோமீட்டர். அடுத்த வாரம் 50. பிறகு, முழுச் சுமையோடு சனிக்கிழமை மாமல்லபுரம் போய்த் தங்கி, ஞாயிறு திரும்பிவர வேண்டும். இரண்டாம் நாள் காலை சீட்டில் உட்கார முடிகிறதா என்பதுதான் பரீட்சை. பையில் எது தேவையில்லை, எந்த நட்டு லூஸ் ஆகிறது என்பதும் அந்த இரண்டு நாளில் தெரிந்துவிடும். ஒத்திகை சரிவரவில்லை என்றால், பயணத்தை ஒரு மாதம் தள்ளிப்போடுவதில் வெட்கம் இல்லை. இதய நோய், சர்க்கரை, மூட்டுப் பிரச்னை உள்ளவர்கள் மருத்துவரிடம் கேட்டபின்பே தொடங்க வேண்டும்.

திரும்பி வருவதும் பயணம்தான்!

பலர் போகும் வழியை மட்டும் திட்டமிட்டு, திரும்பும் வழியை மறந்துவிடுகிறார்கள். கன்னியாகுமரியிலிருந்து சென்னை எழும்பூருக்கு இரவு ரயில் உண்டு. டிக்கெட்டை முன்பே எடுத்துவிடலாம். சைக்கிளைப் பெட்டிக்குள் ஏற்ற முடியாது. ரயில் நிலையத்தின் பார்சல் அலுவலகத்தில் பயண டிக்கெட்டைக் காட்டி லக்கேஜாகப் பதிவு செய்ய வேண்டும். கட்டணம் எடையையும் தூரத்தையும் பொறுத்தது. பெயர், போன் நம்பர், சேரும் ஊர் எழுதிய அட்டையைக் கட்டி, ரயில் கிளம்புவதற்குச் சில மணி நேரம் முன்பே போய்விட வேண்டும். அந்த ரயிலில் லக்கேஜ் ஏற்ற இடம் இருக்கிறதா என்று முதல் நாளே கேட்டுக்கொண்டால் கடைசி நேரப் பதற்றம் இல்லை.

பத்து நாள் மிதித்து வந்த தூரத்தை, ரயில் ஒரே ராத்திரியில் கடந்துவிடும். காலையில் எழும்பூரில் இறங்கி, சைக்கிளை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு மிதித்தால், மாடிப்படிக்குக் கீழே அதன் இடம் காலியாகத்தான் இருக்கும். பையைக் கொட்டும்போது, அடியில் அந்த உறை ஒட்டியபடியே இருந்தால் அதைப் பிரிக்க வேண்டாம். மேலே 'அடுத்த பயணம்' என்று எழுதி, அம்மாவிடம் கொடுத்து வைத்துவிடலாம்!